இரண்டாவது மாங்கனி

சுவிஸ் மடக்குக்கத்தியின் சிவப்பு மூடியை மெல்லிய தகட்டால் நெம்பினால் ‘டக்’கென்று கழன்று வந்துவிடும். உள்ளே தெரிவது கத்தியின் எலும்புக்கூடு. ஓர் அலுமினியத் தகடு, ஓர் எஃகு அலகு, மறுபடி தகடு, பிறகு ரம்பம், கத்தரிக்கோல், மூடி திறப்பான் என்று எல்லாம் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கும். முதுகுப்புறத்தில் நீளமான எஃகுப் பட்டைகள் ஸ்பிரிங்காக வேலை செய்யும். அலகைத் திறக்கும்போதும் மூடும்போதும் கேட்கும் அந்த அழுத்தமான ஓசை, பட்டையின் ஓசை. இத்தனையையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பவை தீக்குச்சிப் பருமனில் சில பித்தளை ஆணிகள்.

கத்தியைப் பிரித்து மாற்றியமைக்கும் பொழுதுபோக்கில் இறங்கியவருக்கு இந்த ஆணிதான் வாசல். ஆணியின் தலையைச் சின்ன அரத்தால் அராவி, பின்பக்கமாகத் தட்டி வெளியே தள்ளினால், கத்தி என்று இருந்தது ஒரு பிடி உதிரியாக மேசையில் கிடக்கும். வேண்டாத அடுக்கை எடுத்துவிட்டு, வேறொரு கத்தியில் கழற்றிய அடுக்கை அந்த இடத்தில் வைக்கலாம். பிறகு புதுப் பித்தளைக் கம்பியை நுழைத்து, அதன் நுனியைச் சிறு சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்ட வேண்டும். பித்தளை மெதுவாகக் காளான் குடைபோல விரிந்து இறுகும். ஒரு தட்டு கூடினால் அலகு நகர மறுக்கும். ஒரு தட்டு குறைந்தால் ஆடும். அந்த அளவு கைக்கு மட்டுமே தெரிந்த கணக்கு. கடைசியில் ஒரு சொட்டு எண்ணெய். பிளாஸ்டிக் மூடிக்குப் பதிலாகக் கருங்காலியோ மாட்டுக்கொம்போ, கறுப்பு நார்க்கோடு ஓடும் பனை வைரமோ மேலே ஏறும். உப்புத்தாள் தேய்த்து முடித்தால் கத்தி தயார்.

வேலை முடிந்த மேசையில் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் கிடக்கும். அலகு புதிது. ஆணி புதிது. மேல்மூடி புதிது. சட்டைப்பைக்குள் திரும்பிப் போவது அதே கத்தியா?

விளையாட்டுக் கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் உலகின் பழைய தத்துவங்களில் பல இந்த ஒரு கேள்வியின் மேல்தான் எழுந்து நிற்கின்றன. காவிரிப் படுகையின் கடற்கரையில், காரைக்காலில், இந்தக் கேள்வியைத் தன் உடம்பைக் கொண்டே கேட்டவர் ஒருவர் வாழ்ந்திருக்கிறார்.

மடக்குக்கத்தியின் வரலாறே மாற்றங்களின் வரலாறு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில், ரோமானியர் காலத்து மடக்குக் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளிப் பிடியில் கரண்டி, முள், கூர்க்குச்சி, கத்தி எல்லாம் மடங்கிக் கிடக்கின்றன. இன்று உலகம் அறிந்த சிவப்புக் கத்தியின் ஊர் சுவிட்சர்லாந்தின் இபாக். கார்ல் எல்ஸனர் 1884-ல் அங்கே பட்டறை தொடங்கினார். 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்திகள் கொடுத்தார். 1897 ஜூன் 12 அன்று அதிகாரிகளுக்கான கத்தியின் வடிவத்தைப் பதிவு செய்தார். தாயார் விக்டோரியா 1909-ல் காலமானதும் அவர் பெயரைக் கத்திக்குச் சூட்டினார். துருப்பிடிக்காத எஃகு வந்தபின், 1921-ல், அந்த எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல்லும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. விக்டோரினாக்ஸ் என்ற பெயரே இப்படி ஓர் அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கு வைத்துத் தறைந்ததுதான்.

குறடு வைத்த மல்டி டூலும் ஒரு குறையிலிருந்து பிறந்தது. அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975-ல் மனைவியுடன் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் செய்தது. மலிவு விடுதிகளில் குழாய்கள் ஒழுகின. கையில் இருந்த சாரணர் கத்தியில் குறடு இல்லை. ‘இதில் ஒரு குறடு இருந்திருந்தால்’ என்ற ஏக்கம் எட்டு ஆண்டு உழைப்பாகி, 1983-ல் முதல் கருவியாகக் கடைக்கு வந்தது. கையில் இருப்பதைத் தன் தேவைக்கு வளைத்துக்கொள்ளும் மனம்தான் அந்தக் கருவியைப் பெற்றது. இன்று அதைப் பிரித்துப் போட்டு அரத்தோடு உட்காரும் பொழுதுபோக்காளரிடமும் அதே மனம்தான் இருக்கிறது.

காரைக்காலில் மடக்குக்கத்திக்கு ஒரு பிரெஞ்சு வாசனை உண்டு. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த ஊர் இது. நடுவில் ஆங்கிலேயர் பிடித்ததும் திருப்பிக் கொடுத்ததும் நடந்தன. 1954 நவம்பர் 1-ல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா வரை போய் வந்த ‘சொல்தா’க்களின் குடும்பங்கள் இங்கு உண்டு. பிரான்ஸில் குடியேறிய உறவினர் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் சாக்லேட்டும் சென்ட்டும் வரும். சில வீடுகளுக்கு மடக்குக்கத்தியும் வரும். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள் என்பதால், துணி நடுவே சுற்றி, விமானச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். சவாய் மலைநாட்டில் ஜோசஃப் ஒப்பினெல் 1890-ல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி அப்படி வருவனவற்றில் ஒன்றாக இருக்கலாம். பிடியைச் செதுக்கி, சாயமேற்றி, வேறு உருவமாக்குவதற்கென்றே அதை வாங்குபவர்கள் உலகெங்கும் உண்டு.

அப்படி ஒரு கத்தி ஒரு வீட்டில் மூன்று தலைமுறை புழங்குவதாக வைத்துக்கொள்வோம். தாத்தா அதில் பாக்கு நறுக்கினார், தபால் உறை கிழித்தார், பேரனுக்கு மாங்காய் கீறிக் கொடுத்தார். சாணை பிடித்துப் பிடித்து அலகு ஒடிசலாகி, ஒருநாள் தேங்காய் ஓட்டில் மாட்டி உடைந்தது. மகன் வேறு அலகு போட்டார். பேரன் பிடியை மாற்றினான். ஆனாலும் அந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் ‘தாத்தா கத்தி’ என்றுதான் சொல்வார்கள். தாத்தா தொட்ட ஓர் அணுவும் அதில் இல்லை. அவர்கள் சொல்வது பொய்யா?

காரைக்காலில் பிறந்து, பின்னாளில் காரைக்கால் அம்மையார் ஆன புனிதவதியின் கதையில் இதே கேள்வி ஒரு மாம்பழத்தின் உருவில் வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் அந்தக் கதையை விரிவாகச் சொல்கிறார். புனிதவதி தனதத்தன் என்ற வணிகரின் மகள், பரமதத்தனின் மனைவி. கணவன் கடையிலிருந்து இரண்டு மாங்கனிகள் கொடுத்தனுப்பினான். பசியோடு வந்த சிவனடியார் ஒருவருக்குச் சோற்றோடு ஒரு கனியைப் படைத்தார் புனிதவதி. மதியம் உணவுக்கு வந்த கணவன் மிச்சக் கனியைத் தின்று, சுவையில் மயங்கி, மற்றதையும் கேட்டான். உள்ளே போன புனிதவதி இறைவனை நினைந்து நிற்க, கையில் ஒரு கனி வந்தது. அதைத் தின்ற பரமதத்தனுக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. இது முதல் கனியின் ஜோடி இல்லை. சுவை வேறு.

இந்த இடத்தை மெதுவாகப் படிக்க வேண்டும். வந்த கனி மட்டமானதாக இருந்திருந்தால் கதை எளிது. வந்ததோ முதற்கனியைவிடப் பன்மடங்கு மேலானது. மாற்றுப் பொருள் அசலை மிஞ்சிவிட்டது. அதனால்தான் அது மாற்று என்று அகப்பட்டுக்கொண்டது. கத்தி மாற்றுபவர்கள் இதை உடனே புரிந்துகொள்வார்கள். தொழிற்சாலை போட்ட பிளாஸ்டிக் மூடியைவிடக் கையால் இழைத்த கருங்காலி பல மடங்கு உயர்ந்தது. ஆனால் கத்தியை எடுத்ததும் உள்ளங்கைதான் முதலில் சொல்லும்: ‘இது அது இல்லை.’ பரமதத்தன் நாக்கால் கேட்ட கேள்வியை இவர்கள் உள்ளங்கையால் கேட்கிறார்கள்.

‘எங்கிருந்து வந்தது?’ என்று கணவன் கேட்க, நடந்ததை மறைக்காமல் சொன்னார் புனிதவதி. நம்பாத அவன் இன்னொன்று வரவழைக்கச் சொன்னான். அதுவும் வந்தது, அவன் கையில் பட்டதும் மறைந்தது. மனைவியைத் தெய்வமென்று அஞ்சிய பரமதத்தன் கப்பலேறி வாணிகம் செய்யப் போனான். பிறகு பாண்டி நாட்டில் தங்கி வேறொரு பெண்ணை மணந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்தான். உறவினர் புனிதவதியை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது, மனைவியோடும் குழந்தையோடும் அவர் காலில் விழுந்தான். ஒரே முற்றத்தில் இரண்டு புனிதவதிகள் நின்றார்கள். பெயர் ஒன்று; ஆள் இரண்டு.

அந்த நொடியில்தான் அவர் தன்னையே மாற்றியமைக்கக் கேட்டார். இந்த உடம்பின் அழகு கணவனுக்காகத் தாங்கியது. இனி அது வேண்டாம், உன் அருகே நிற்கும் பேய்வடிவைக் கொடு என்று இறைவனிடம் வேண்டினார். தசை உதிர்ந்தது. எலும்புக்கூடான பேயுருவம் நின்றது. காலால் நடக்க அஞ்சிய கயிலை மலையில் தலையால் நடந்து ஏறினார். சிவன் அவரை ‘அம்மையே’ என்றழைத்தார் என்பது புராணம். திருவாலங்காட்டில் ஆடும் பெருமானின் திருவடிக்கீழ் இருந்து பாடும் வரம் பெற்றார். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு ஆகிய நூல்கள் அவருடையவை. பதினோராம் திருமுறையில் அவை இருக்கின்றன. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர் என்பது அறிஞர் பலரின் கருத்து. அப்பருக்கும் சம்பந்தருக்கும் முந்தியவர்.

இங்கே மாறாதது எது? அழகு போயிற்று, தசை போயிற்று, இல்லறம் போயிற்று, பெற்றோர் இட்ட பெயரும் போயிற்று. ஆனால் திருவாலங்காட்டுப் பதிகங்களின் கடைசியில் தன்னை யாரென்று சொல்ல வரும்போது, அவர் காரைக்கால் பேய் என்றே கையெழுத்திடுகிறார். உடம்பின் ஒவ்வோர் அடுக்கையும் கழற்றிப் போட்டவர், ஊரின் பெயரை மட்டும் கழற்றவில்லை. அந்த ஒற்றை ஆணியில்தான் புனிதவதியும் பேயும் ஒருவராக இணைந்து நிற்கிறார்கள்.

காரைக்காலுக்குத் தெற்கே சற்றுத் தொலைவில் உள்ள நாகப்பட்டினத்தில் இந்தக் கேள்விக்கு வேறொரு விடை பலநூறு ஆண்டுகள் வாழ்ந்தது. முதலாம் இராசராசன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் அங்கே சூடாமணி விகாரம் எழுப்பினான். அதற்கு ஆனைமங்கலத்தைச் சோழன் கொடையாகக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. அந்த ஊரின் பழைய பௌத்தச் செங்கல் கோபுரம் ஒன்று 1867-ல்தான் இடிக்கப்பட்டது. அந்த விகாரங்களில் இருந்த துறவிகளுக்கு நாகசேனரின் தேர் உவமை புதிதாக இருந்திருக்காது.

மிலிந்தன் என்று பாலி நூல் சொல்லும் கிரேக்க அரசன் மெனாண்டர், நாகசேனர் என்ற துறவியிடம் ‘நீர் யார்?’ என்று கேட்கிறான். நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். அரசே, நீ தேரில் வந்தாய். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகத்தடி தேரா? எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறான் அரசன். அப்படியானால் தேர் எங்கே? பாகங்கள் கூடியிருக்கும்போது வழங்கும் ஒரு பெயர்தான் தேர்; ஆளும் அப்படித்தான் என்று முடிகிறது வாதம். மேசையில் பிரித்துப் போட்ட மடக்குக்கத்தியைப் பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். கத்தி எங்கே என்று தேடினால் தகடு கிடைக்கும், ஆணி கிடைக்கும், பட்டை கிடைக்கும். கத்தி கிடைக்காது.

நாகசேனரிடம் இன்னோர் உவமையும் உண்டு. இரவு முழுக்க எரியும் விளக்கில் முதல் சாமத்துச் சுடரும் கடைச் சாமத்துச் சுடரும் ஒன்றா? அதுவுமல்ல, வேறுமல்ல என்கிறார். ஒன்றைப் பற்றிக்கொண்டு அடுத்தது எழுகிறது. தாத்தா கத்திக்கு இதைவிட நியாயமான விளக்கம் கிடைப்பது கடினம். அலகு போனபோது பிடி இருந்தது. பிடி போனபோது புது அலகு பழகியிருந்தது. ஒரே நாளில் எல்லாம் மாறவில்லை. தொடர்ச்சி அறுபடாத வரை பெயரும் அறுபடவில்லை.

கிரேக்கத்திலும் இந்தக் கேள்வி கப்பலேறி வந்திருக்கிறது. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பல தலைமுறை காத்தார்கள். பலகை உளுத்தால் புதுப் பலகை போட்டார்கள். அது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் சண்டை போட்டதைப் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் ஒரு முடிச்சைக் கூடுதலாகப் போட்டார். கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால் எது தீசியஸின் கப்பல்? இது வெறும் கற்பனை இல்லை. கத்தி மாற்றுபவர் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தக் கப்பல் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. கழற்றிய அலகு, தேய்ந்த பட்டை, விரிசல் விட்ட சிவப்பு மூடி. ஓர் ஓய்வு நாளில் அவற்றை வைத்தே இன்னொரு கத்தி கட்டிவிடலாம். அப்போது தாத்தா கத்தி எது? டப்பாவில் பிறந்ததா, சட்டைப்பையில் இருப்பதா?

பொருளால் கேட்டால் டப்பாவில் பிறந்தது. பழக்கத்தால் கேட்டால் பையில் இருப்பது. டெல்டா மக்கள் இதில் எந்தப் பக்கம் என்பதற்குத் திருவாரூர் ஆழித்தேர் சாட்சி. பழைய தேர் 1920-களில் தீயில் எரிந்தது. 1930-ல் புதுத்தேர் வந்தது. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் ஏறின. வடம் பிடிப்பவர் எவரும் அது வேறு தேர் என்று சொல்லி விலகியதில்லை. அப்பர் பாடிய ஆழித்தேர் அதுவே என்றுதான் இழுக்கிறார்கள். நாகசேனரின் தேரில் பெயர் மட்டும் மிஞ்சியது. திருவாரூர்த் தேரில் வடத்தைப் பிடித்த கைகளும் மிஞ்சின.

கோயில் மரபு இந்தத் தொடர்ச்சியைத் தற்செயலுக்கு விட்டுவிடவும் இல்லை. திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து, மூலவரின் சக்தியைக் கும்ப நீர் வழியாக வேறோர் உருவில் நிறுத்துகிறார்கள். பிறகு கல் மாறலாம், சுதை மாறலாம், சிலையடியில் சாத்தும் அட்டபந்தன மருந்து புதிதாகலாம். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகத்தில் அந்தச் சக்தியைத் திரும்ப அழைத்து வைக்கிறார்கள். ‘அதே’ என்பதை ஒரு குடத்தில் ஏந்தி, பழையதிலிருந்து புதியதற்குக் கவனமாகக் கொண்டுபோகும் சடங்கு அது. ஆயுத பூசை நாளில் பட்டறைச் சுத்தியலும் அரமும் குறடும் சந்தனம் குங்குமத்தோடு வரிசையில் உட்காரும்போது, பிடி மாற்றிய சுத்தியலுக்கும் அதே பொட்டுதான்.

அப்படியானால் கத்தி தன்னை இழப்பது எப்போது? பாகம் மாறும்போது இல்லை என்று மேலே பார்த்த எல்லாமே சொல்கின்றன. இதற்கு இரண்டு கத்திகள் நேரான விடை தருகின்றன. விக்டோரினாக்ஸின் போட்டியாளராக இருந்து 2005-ல் அதனோடு சேர்ந்த வெங்கர் நிறுவனம், 87 கருவிகளும் 141 பயன்களும் கொண்ட ஒரு ராட்சதக் கத்தியைச் செய்தது. எல்லாம் அசல் பாகங்கள். ஆனால் எந்தச் சட்டைப்பைக்குள்ளும் நுழையாது. ஒரு கையால் பிடித்து ஒரு வெங்காயம்கூட வெட்ட முடியாது. மறுமுனையில், விமானப் பயணிகளுக்காக அலகே இல்லாத ‘ஜெட்செட்டர்’ என்ற சிறு கருவியை விக்டோரினாக்ஸ் விற்றது. 2024-ல் அலகில்லாத கருவிகளை இன்னும் உருவாக்குவதாகவும் அறிவித்தது. முதலாவதில் எல்லாம் இருக்கிறது, கத்தி இல்லை. இரண்டாவதில் கத்திக்குரிய அலகே இல்லை. ஆனால் பயணியின் பையில் அந்தக் கத்தி செய்துவந்த ஊழியத்தின் பெரும்பகுதியை அது செய்கிறது. யாருக்காக, எதற்காக என்ற உறவு அறுந்தால்தான் பொருள் செத்துப்போகிறது. அந்த உறவு இருக்கும்வரை எத்தனை ஆணி மாற்றினாலும் அது பிழைத்துக்கொள்கிறது.

பொழுதுபோக்காளர்கள் அதிகம் வழுக்கி விழும் இடமும் இதுதான். அடுக்கு சேர்க்கும் ஆசைக்கு எல்லை இல்லை. ரம்பம் ஒன்று, மீன் செதில் சீவி ஒன்று, உருப்பெருக்கி ஒன்று என்று ஏற்றிக்கொண்டே போனால், அன்றாடம் பையில் இருந்த கத்தி கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். கைவேலையாக அது அழகுதான். ஆனால் யாருக்கும் மாங்காய் கீறித் தராத அலமாரிக் கத்திக்கும் ராட்சதக் கத்திக்கும் தூரம் அதிகமில்லை. அம்மையார் செய்தது இதற்கு நேர் எதிர். அவர் எதையும் சேர்க்கவில்லை. யாருக்காகத் தாங்கினாரோ அவருக்கு வேண்டாம் என்றான பின், அந்த அடுக்கைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார். பயன் தீர்ந்ததை இறக்குவதும் மாற்றியமைத்தல்தான். அதிலும் கடினமான வகை.

ஒரு மகானின் உடம்பையும் ஒரு பேனாக்கத்தியையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. சைவத்தின் விடையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பெரியபுராணத்தில் இதற்கு ஓர் உள்ளூர்க் காட்சியே இருக்கிறது. இன்று காரைக்கால் கோயில்பத்து எனப்படும் திருத்தெளிச்சேரியை வணங்கிப் புறப்பட்ட சம்பந்தர் கூட்டத்தை, போதிமங்கை என்ற ஊரில் பௌத்தர்கள் மறித்தார்கள். அங்கே நடந்த வாதத்தில், உடம்பும் பொறியும் நீங்கியபின் உணர்வது யார் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் இதை இன்னும் கூர்மையாக்குகிறார். என் உடம்பு என்று சொல்கிறோமே, அப்படி உரிமை கொண்டாடுபவர் உடம்பாக இருக்க முடியாது; ஒவ்வொன்றையும் ‘இதுவல்ல’ என்று தள்ளும் ஒருவர் உள்ளே இருந்துதானே தள்ளுகிறார் என்பது அந்த வாதத்தின் சாரம்.

கத்திக்கும் ஆளுக்கும் இருக்கும் பிளவு இங்கேதான். கத்தியைப் பிரித்துப் போட்டால் தகடோ ஆணியோ ‘நான்தான் அந்தக் கத்தி’ என்று சொல்லாது. அதன் பெயரைத் தாத்தாவும் மகனும் பேரனும் சொல்ல வேண்டியிருக்கிறது. கத்தியைப் பொறுத்தவரை நாகசேனர் சொன்னது முழுக்கச் சரி. அதன் ‘அதே’ முழுவதும் நம் கையில் இருக்கிறது. ஆனால் தசை உதிர்ந்த எலும்புக்கூடு திருவாலங்காட்டில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே, தன் ஊரைச் சொல்லிக் கையெழுத்திட்டது. அந்தக் கையெழுத்தும் ஒரு சுடரிலிருந்து இன்னொரு சுடருக்குத் தாவிய நினைவுதான் என்று நாகசேனர் பதில் சொல்லக்கூடும். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் விளக்கின் கடைசிச் சுடர் முதல் சுடரின் ஊரைச் சொன்னதில்லை. பாகங்களின் கூட்டம் மட்டுமே ஆள் என்றால், எல்லாப் பாகமும் போனபின் அந்த ஊர்ப் பெயரை விடாமல் பிடித்திருந்தது எது என்ற கேள்விக்குச் சைவத்தின் விடையே நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்கிறது.

காரைக்கால் என்ற ஊருக்கும் இப்படி ஒரு கையெழுத்து உண்டு. நிலத்தில் அதைச் சுற்றிக் கிடப்பது தமிழ்நாடு. ஆட்சியில் அது புதுச்சேரியின் பாகம். மலையாளக் கரையின் மாஹே, ஆந்திரத்தின் ஏனாம், புதுச்சேரி, காரைக்கால் என்று நான்கு துண்டுகள், பிரெஞ்சு ஆட்சி என்ற பழைய ஆணி ஒன்றால் தறைந்து கிடக்கின்றன. 1881-ல் வந்த பிரெஞ்சு ஆணையின்படி குலவழக்கத்தைத் துறந்து, பிரெஞ்சுச் சட்டத்தையும் புதுக் குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டவர்களும் இந்த மண்ணில் இருந்தார்கள். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் வந்தபோது, சில குடும்பங்களில் அண்ணன் ஒரு நாட்டவர், தம்பி வேறு நாட்டவர் என்றானது. கடவுச்சீட்டு மாறியது, பெயர் மாறியது, சட்டம் மாறியது. ‘எந்த ஊர்?’ என்று பாரிஸில் கேட்டாலும் பதில் மாறவில்லை.

அம்மையாரின் பேயுருவச் செப்புத் திருமேனிகளும் ஊர் விட்டுப் போயிருக்கின்றன. நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 13ஆம் நூற்றாண்டுத் திருமேனி ஒன்று கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஒட்டிய வயிறு, துருத்திய விலா, வற்றிய மார்பு. அங்கும் அவர் பெயரோடு ஊர்ப் பெயர் ஒட்டியே இருக்கிறது.

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. மாப்பிள்ளை அழைப்பும் திருக்கல்யாணமும் முடிந்தபின், பிச்சாண்டவர் கோலத்தில் சிவன் வீதியுலா வருகிறார். ஒரே விழாவுக்குள் அம்மையார் மணப்பெண்ணாகவும் நிற்கிறார், பேயுருவாகிக் கயிலைக்கும் போகிறார். பார்ப்பவர்களுக்கு இவர் வேறு, அவர் வேறு என்ற குழப்பம் எழுவதில்லை. உலா வரும் தெருக்களில் மாடியிலும் திண்ணையிலும் கூடையோடு நிற்பவர்கள் மாம்பழங்களை வாரி இறைக்கிறார்கள். கீழே முந்தானையும் துண்டும் விரிகின்றன. குழந்தை வரம் வேண்டுபவர்கள் அதைப் பிரசாதமாக ஏந்திக்கொள்கிறார்கள்.

பிடித்த பழம் சில வேளை தரையில் மோதி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். கூட்டம் கலைந்து நிழலில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் சட்டைப்பையிலிருந்து மடக்குக்கத்தியை எடுப்பார். பனை வைரப் பிடி, வேறு கத்தியிலிருந்து வந்த அலகு, தானே தறைந்த பித்தளை ஆணி. நசுங்கிய பக்கத்தைச் சீவித் தள்ளிவிட்டு, நல்ல பக்கத்தைக் கீற்றுக் கீற்றாகப் போட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் கையில் எல்லாம் வைப்பார். யார் வீட்டு மாடியிலிருந்து விழுந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. சாறு முழங்கை வரை வழிய, எல்லோரும் தின்கிறார்கள்.